வார்ப்புக்கு மேலே ஒரு ஷீட்

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் வீட்டுக் கூரைகள் கண்ணுக்கு நேராக வந்துவிடும். கீழே ரோட்டில் நடக்கும்போது கவனிக்காத ஒன்று அங்கே பளிச்சென்று தெரியும். வார்ப்பு வீடுகளில், அதாவது கான்கிரீட் கூரை வீடுகளில், முக்கால்வாசியில் மாடிக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு, சாய்வாக ஒரு ஷீட் போட்டிருக்கிறார்கள். நீலம் உண்டு, பச்சை உண்டு, அதிகமும் சிவப்பு. அந்தச் சிவப்பு ஷீட்டை உற்றுப் பார்த்தால் ஓடு மாதிரியே வரிவரியாக அச்சு அழுத்தியிருக்கும். ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு வார்ப்புப் போட்டோம், வார்ப்பு ஒழுக ஆரம்பித்ததும் அதன் மேல் ஓடு மாதிரி தெரிகிற தகரத்தைப் போட்டோம். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று திருவனந்தபுரம் வரைக்கும் இதே காட்சிதான்.

ஒரு வீட்டுக்கு இரண்டு கூரை. இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு, தனித்தனியாக இரும்பு.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வரும், ஜூனில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. மழை குறைவாகப் பெய்யும் ஊரில் மொட்டைமாடி சுகமான சங்கதி, வற்றல் காயப்போடலாம், ராத்திரி பாய் விரித்துப் படுக்கலாம். இங்கே அது வருடத்தில் பாதி நாள் ஈரமாகக் கிடக்கும். சரிவு சரியாக எடுக்காத மாடியில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், தலைமுடி மாதிரி மெல்லிய கீறல் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், கூடிய கம்பி தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பழைய தொகுப்பு வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி எலும்பு மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், குளச்சல் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். ஆகவே பத்து வருடம் கழித்து ஷீட் வருகிறது. கூடவே வெயில் குறைகிறது, துணி காயப்போட இடம் கிடைக்கிறது என்று மனசையும் தேற்றிக்கொள்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், செலவு குறைந்த வீடு, சூழலைக் கெடுக்காத வீடு என்று இரண்டையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தால் உடனே வரும் பதில் "அதெல்லாம் காசுள்ளவன் சமாச்சாரம்" என்பதுதான். பசுமை வீடு என்றாலே சோலார் தகடு, விலை கூடிய கண்ணாடி, பெங்களூரிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் என்று படம் ஓடுகிறது. அதாவது சாதாரண வீட்டின் விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால்தான் பசுமை. நான் பார்த்தவரை விஷயம் தலைகீழ். நம் வீடுகளில் பர்ஸைக் காலி செய்வதும் காற்றைக் கெடுப்பதும் பெரும்பாலும் ஒரே சாக்கிலிருந்துதான் வருகின்றன, அந்தச் சாக்கு சிமெண்ட் சாக்கு. சாமானைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். அப்படிக் குறைக்க முடியாமல் போவதற்குத்தான் வேறு காரணங்கள் இருக்கின்றன.

சிமெண்ட் எப்படிக் கெடுக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சூடாக்கித்தான் கிளிங்கர் என்கிற சிமெண்ட் கட்டியை எடுக்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு அந்தக் கல்லுக்குள்ளேயே பூட்டிக்கிடக்கும் கரியமில வாயு, கல் உடையும்போது அது வெளியேறித்தான் ஆகவேண்டும். நிலக்கரிக்குப் பதில் சூரியனை வைத்துச் சூடாக்கினாலும் இந்தப் பங்கு போகாது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டால் என்று சொல்வது இதை எல்லாம் கூட்டித்தான்.

இப்போது 300 சதுர அடிக் கூரையை எடுத்துக்கொள்வோம். ஏன் 300 என்று பிறகு சொல்கிறேன். நாலு அங்குல கனம் வைத்தால் 100 கன அடி கான்கிரீட். வழக்கமான கலவையில் அதற்குக் கிட்டத்தட்ட 22 மூட்டை சிமெண்ட் போகும், அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். கம்பி இருநூறு கிலோவுக்கு மேல். சென்ட்ரிங் வாடகையும் வார்ப்பு நாள் கூலியும் அன்றைக்கு வாங்கிக் கொடுக்கும் பிரியாணியும் தனி.

தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு குறைந்தது 360 சதுர அடி இருக்கவேண்டும், அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை, மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு ஏதாவது, அது வீட்டுக்காரர் விருப்பம். ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசை இல்லாத தமிழ்நாடு ஆக்குவது இலக்கு. குடிசையில் நனைந்துகொண்டிருப்பவருக்கு வீடு கிடைப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அது நடக்கவேண்டிய காரியம். ஆனால் 8 லட்சத்தை 22 மூட்டையால் பெருக்கிப் பாருங்கள், கூரைக்கு மட்டும் ஒன்றே முக்கால் கோடி மூட்டை. மழை குறைந்த ராமநாதபுரத்துக்கும் மழை கூடிய நம் விளவங்கோட்டுக்கும் ஒரே கூரை. மழை எவ்வளவு, காற்று எப்படி, பக்கத்தில் என்ன மண் கிடைக்கிறது என்பதெல்லாம் அந்த 60 சதுர அடிக்குள் ஒதுங்கிவிடுகிறது.

இதற்கு முன்னால் 2011-ல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயரே பசுமை வீடு. அதுவும் 300 சதுர அடி, அதுவும் கான்கிரீட் கூரை. ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம், அதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குக்கு. ஐந்து விளக்கு எரிந்ததால் வீடு பசுமையாகிவிட்டது! விளக்கைக் குறை சொல்லவில்லை, கரண்ட் போனாலும் பிள்ளைகள் படிக்க வெளிச்சம் இருந்தால் நல்லதுதான். ஆனால் பசுமை என்பது கட்டிய பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் என்கிற எண்ணம் அங்கேயே அரசாணையாகிவிட்டது. கேரளத்தின் வீட்டுத் திட்டமான லைஃப் மிஷன் பொதுவாக 4 லட்சம் கொடுக்கிறது, அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் கண்ணில் படுவது பெரும்பாலும் அதே பெட்டிதான்.

சரி, மக்கள் மட்டும் வார்ப்பை ஏன் கேட்கிறார்கள்? ஜம்பத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஓடு போட்ட வீட்டில் வருடா வருடம் மழைக்கு முன்னால் ஆள் ஏறி உடைந்ததை மாற்றவேண்டும், அந்த வேலை தெரிந்த ஆள் இப்போது கிடைப்பதில்லை. தென்னையும் ரப்பரும் பலாவும் வீட்டை ஒட்டி நிற்கும் ஊரில் ஒரு தேங்காய் போதும் நாலு ஓட்டைக் காலி செய்ய. திருடன் ஓட்டைப் பிரித்து இறங்குவான் என்கிற பயம் என் பாட்டிக்குச் சாகும் வரை இருந்தது. ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான கழுக்கோலைக் கரையான் தின்னும், புது மரம் வாங்கப் போனால் அயினி விலை கேட்டு ஆசாரியே சிரிப்பார். இவ்வளவுக்கும் மேல் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. அந்த ராத்திரி ரப்பர் விளைகள் அப்படியே சாய்ந்து கிடந்தன, ஓடு பறந்தது, தகரம் பறந்தது, மரம் விழுந்து கூரை இறங்கியது. வார்ப்பு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், ஓட்டு வீட்டுக்காரர்கள் அவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். அதைப் பார்த்தவரிடம் போய் கரியமில வாயுக் கணக்கு சொன்னால் கேட்பாரா?

ஆகவே வார்ப்பே வேண்டாம் என்பது என் பேச்சு இல்லை. வார்ப்பிலேயே எவ்வளவு வேண்டாத சாமான் கிடக்கிறது என்பதுதான் பேச்சு, அதற்கு விடை தேடி ரொம்ப தூரம் போகவும் வேண்டாம். களியக்காவிளையிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் திருவனந்தபுரத்தின் தம்பானூர், அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே செங்கல் கலரில் உருண்டையாகச் சுற்றிச் சுற்றி ஏறும் இந்தியன் காபி ஹவுஸ். அதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945-ல் தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்காக இந்தியா வந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருடம் இருந்து, கடைசியில் திருவனந்தபுரத்துக்காரராகவே 2007-ல் செத்துப்போன மனிதர். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1971-ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு உள்ளூரில் (ஊர்ப்பெயரே உள்ளூர்தான்) வளாகம் கட்டிக் கொடுத்ததும் பேக்கர்தான். நல்ல வீட்டுக்கான சாமான் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கவேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதை அவர் பல இடத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் பரப்பிய வித்தைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது எலிப்பொறிக் கட்டு. சாதாரணமாகச் செங்கலைப் படுக்க வைத்துக் கட்டுவோம். இதில் செங்கலைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, நடுவில் இடைவெளி விட்டு, இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒன்று என்று வைப்பார்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், பாரம் தாங்குவதும் சாதாரண வீட்டுக்குப் போதும், ஆனால் செங்கல் கால்வாசி குறையும், கலவை அதைவிடக் கூடுதலாகவே குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெயிலை உள்ளே விடாது, கரண்ட் வயரையும் அந்த இடைவெளியிலேயே இறக்கிவிடலாம். செங்கல் கால்வாசி குறைந்தால் சூளையில் எரியும் விறகும் கால்வாசி குறைகிறது, குளத்திலிருந்தும் வயலிலிருந்தும் தோண்டும் களிமண்ணும் அப்படியே.

இரண்டாவது, ஓடு பதித்த வார்ப்பு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது. வார்ப்புப் பலகை பாரத்தில் லேசாக வளையும்போது அதன் மேல்பாகம் நசுங்கும், கீழ்பாகம் இழுபடும். நசுங்குவதைத் தாங்குவதில் கான்கிரீட் சூரன், இழுப்பைத் தாங்குவதில் சோனி. இழுப்பைத் தாங்குவது அடியில் கிடக்கும் கம்பி. அப்படியானால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், பலகையின் அடிப்பாகத்தில் கிடக்கும் கான்கிரீட் என்ன வேலை செய்கிறது? பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா தொங்கிக்கொண்டு தன் கனத்தையும் கம்பி மேல் ஏற்றுகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாக வைத்துவிட்டு வார்த்தால் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை மிச்சம், கனம் குறைவதால் கம்பியிலும் கொஞ்சம் மிச்சம், ஓட்டுக்குள் நிற்கும் காற்றால் ராத்திரி சூடும் குறைவு. கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் ஓடு தெரியும். புயல் வந்தால் அது வார்ப்பு மாதிரியே நிற்கும், ஏனென்றால் அதுவும் வார்ப்புதான். நம்முடைய 300 சதுர அடிக் கணக்கில் வீட்டுக்கு நாலு மூட்டை என்று வைத்தாலும் 8 லட்சம் வீட்டுக்கு 32 லட்சம் மூட்டை. ஒரு வீட்டுக்காரருக்கு நாலு மூட்டை பெரிய காசு இல்லை என்பதும் நிஜம்தான், அரசாங்கத்துக்கு அது பெரிய காசு.

இவ்வளவு நல்லதென்றால் திருவனந்தபுரத்தில் எல்லா வீடும் பேக்கர் வீடாக அல்லவா இருந்திருக்கவேண்டும்? இல்லை. முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், ராஜ், பேக்கர் எல்லாரும் சேர்ந்து 1985-ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்கிற அமைப்பு இன்றைக்கும் இந்த வேலையைச் செய்கிறது, ஆனாலும் நகரம் முழுக்கப் பூசி பெயின்ட் அடித்த பெட்டிகள்தான் கூடியிருக்கின்றன. மலையாளிக்கு ஆடம்பரம் பிடிக்கும், கல்ஃப் காசு என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, முழு உண்மை கூலியில் இருக்கிறது. பேக்கர் 1970-களில் செய்தது என்ன? விலை கூடிய சாமானைக் குறைத்து, அந்த இடத்தில் கைவேலையைக் கூட்டினார். அன்றைக்கு சிமெண்ட் கட்டுப்பாட்டில் கிடைத்தது, கொத்தனார் கூலி குறைவு, கணக்கு சரியாக வந்தது. இன்றைக்கு அது அப்படியே புரண்டுவிட்டது. ரிசர்வ் வங்கி வெளியிடும் கணக்கில் 2022-23-ல் கேரள கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 850 ரூபாய்க்கு மேல், நாட்டின் சராசரி 400-க்கும் கீழ். கூலி கூடியது நல்ல விஷயம், நம்மூர்க் கொத்தனார்கள் பாதிப் பேர் அந்தக் கூலிக்காகத்தான் காலையில் திருவனந்தபுரம் பஸ் பிடிக்கிறார்கள். ஆனால் பூசாத செங்கல் சுவரைத் தூக்குக்குண்டு பிடித்து வரி பிசகாமல் கட்ட நேரம் பிடிக்கும், கை சுத்தமாக இருக்கவேண்டும், பூச்சில் மறைத்துவிடலாம் என்கிற சலுகை கிடையாது. செங்கலில் மிச்சம் பிடித்த காசு கூலியில் போய்விடும். ஒப்பந்தக்காரருக்கோ மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று வரவு, செலவைக் குறைத்தால் அவர் வரவும் குறையும். அவர் எதற்காக இந்தத் தொல்லையை இழுத்துப்போடுவார்?

ஆகவே இன்றைக்குச் செலவும் குறைந்து சூழலும் பிழைக்கவேண்டுமானால் சாமானோடு சேர்த்து வேலை நேரமும் குறையவேண்டும். இந்த விஷயத்தில் கேரளத்தில் பேக்கரைவிட வேகமாகப் பரவியது இன்டர்லாக் கட்டை என்று நினைக்கிறேன். செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்தி எடுப்பது, சுடுவது கிடையாது, அதனால் சூளைப் புகை கிடையாது. ஒரு கட்டையின் மேட்டில் அடுத்த கட்டையின் பள்ளம் போய் உட்காரும், இடையில் சாந்து வேண்டாம். சுவர் ஏறும் வேகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் பொம்மை வீடு அடுக்குவது மாதிரி இருக்கும். புதுச்சேரிப் பக்கம் ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்த அழுத்தப்பட்ட மண்கட்டைகளைப் பல காலமாக மெருகேற்றி வருகிறது, இன்டர்லாக் அதற்குத் தம்பி முறை. குமரி மேற்கில் தோண்டுகிற இடமெல்லாம் செம்மண். எச்சரிக்கை ஒன்று உண்டு, மண்ணைப் பரிசோதிக்காமல் கண்ட மண்ணிலும் அழுத்திவிட்டு, கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டி இறவாரமும் விடாமல் மழைச் சாரலில் நிற்கவிட்டால் இரண்டு மழையில் சுவர் அரிக்கும். பிறகு பழி மண்ணின் மேல் விழும்.

சிமெண்டும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. தூத்துக்குடி மாதிரி அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்த சிமெண்டும் செங்கலும் நமக்குப் பழகியவை. அடுத்து வருவது எல்.சி.3, அதாவது கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் 700, 800 டிகிரியில் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ப்பது. ஸ்விட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து உருவாக்கியது. சாதாரண சிமெண்டோடு பார்த்தால் கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையும், 2023-ல் இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. பீங்கானுக்கு ஆகாத மட்டமான வெள்ளைக் களிமண்ணே இதற்குப் போதும் என்பதால் எனக்குத் திருவனந்தபுரத்துப் பக்கம் தோன்னக்கல் களிமண் குழிகள்தான் ஞாபகம் வரும். நம் ஊர்க் கடைக்கு வந்து நாம் பேர் சொல்லிக் கேட்கிற நாள் வரட்டும்.

கான்கிரீட்டில் சிமெண்ட் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் ஜல்லியும் மணலும். ஆற்று மணல் போய் எம் சாண்ட் வந்தபிறகு இரண்டுமே மலையிலிருந்துதான். இந்த விஷயத்தில் நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டாம், கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாக எல்லை தாண்டுவதை ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறோம், மறியல் செய்திருக்கிறோம், ரோடு குண்டும் குழியுமானதற்குத் திட்டியிருக்கிறோம். 2025 மே மாதம் திறந்த விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரில் நம் பக்கத்து மலைகளும் கிடக்கின்றன. அந்தக் கோபம் நியாயம். ஆனால் அதே கோபத்தோடு வீட்டுக்கு வந்து இரண்டாயிரம் சதுர அடிக்கு பிளான் போடுகிறவர்களும் நாம்தான், அந்த ஜல்லியும் அதே மலையிலிருந்துதான் வருகிறது.

இதுவரை சொன்னது வீடு. வீட்டைவிட விலை கூடியது மனை. 2011 கணக்கெடுப்பில் குமரியில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். மேற்கே ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள், விளை, விளை என்று முடியும். ஒவ்வொருவரும் தன் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு நடுவில் தனி வீடு, அதற்குத் தனிப் பாதை, தனிக் கிணறு, சுற்றிலும் மதில் என்பது இங்கத்தைய பழக்கம். மதிலுக்குப் போகும் கருங்கல்லையும் கட்டையையும் வைத்து ஒரு சமையலறை கட்டிவிடலாம், இதை எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிழக்கே நாஞ்சில் நாட்டில் தெருவாக, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டினார்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர், வெயில்படும் பக்கம் இரண்டே, சுற்றிலும் வயல் மிச்சம். அந்த வயல்களில்தான் இப்போது மனை விற்பனைக் கொடி பறக்கிறது. தெரு வீட்டில் இருந்தவர்களும் நாலு பக்கமும் இடம் விட்ட வீடுதான் கேட்கிறார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் எழுந்து பழகியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்புறம் பூட்டிக்கிடக்கும் வீடுகள். அதே 2011 கணக்கில் கேரளத்தில் பத்து வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது, எண்ணிக்கையில் 11 லட்சத்துக்கு மேல். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டத் திட்டம் போடும் மாநிலத்தில் இப்படி. 2023-ல் பட்ஜெட்டில் பூட்டிய வீட்டுக்கு வரி என்று ஒரு பேச்சு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். நம் பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை, துபாயில் இருக்கும் மகன் கட்டிய மூன்று பெட்ரூம் வீட்டில் அம்மா மட்டும் கீழே ஒரு அறையில் படுத்திருப்பார், மாடியில் வௌவால். ஏற்கெனவே கட்டி முடித்த சுவருக்குப் புதிதாக ஒரு மூட்டை சிமெண்டும் வேண்டாம். அதைப் பிரித்து வாடகைக்கு விடும்படி செய்வதைவிடச் செலவு குறைந்த வீட்டுத் திட்டம் எனக்குத் தெரியவில்லை. வாடகைக்கு விட்டால் ஆளைக் காலி செய்ய முடியாது என்கிற பயம்தான் தடை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள், அந்தப் பயத்துக்கு மருந்து வருவாய்த்துறையிடமும் கோர்ட்டிடமும் இருக்கிறது, கொத்தனாரிடம் இல்லை.

காசே செலவாகாத சங்கதிகளும் சில உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரள அரசின் கையிலேயே இருப்பது. சித்திரை வெயிலில் உள்ளே போய் நின்று பாருங்கள், வெளியே இருந்த வெயில் எங்கே போனது என்று தோன்றும். பிள்ளைகளை அழைத்துப்போனால் மணிக்கூண்டையும் கட்டிலையும் பார்ப்பார்கள், நான் இறவாரத்தைப் பார்ப்பேன். சுவரை விட்டு அவ்வளவு தூரம் வெளியே வந்து தாழ்ந்து நிற்கும் ஓட்டுச்சரிவு, வெயிலும் சாரலும் சுவரைத் தொடாது. சாய்ந்த மரச்சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று வரும், வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. ஓட்டுக்கும் அறைக்கும் நடுவில் மரத்தட்டு, அந்த இடைவெளியில் சூடான காற்று அப்படியே நின்றுவிடும். அரண்மனை மரம் நமக்குக் கட்டாது. ஆனால் மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைப்பதற்கும், சன்ஷேடை ஒன்றரை அடியில் நிறுத்தாமல் கொஞ்சம் நீட்டுவதற்கும், மேற்கே நிற்கும் பலாவை வெட்டாமல் வீட்டை நாலடி தள்ளி வைப்பதற்கும் என்ன செலவு? பிளான் போடும் அன்றைக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை வாஸ்துவுக்குத் தருகிறோம், வெயிலுக்குத் தருவதில்லை. ஏற்கெனவே வார்த்து முடித்தவர்கள் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே கீழே வித்தியாசம் தெரியும். தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது, அதன் சாரம் இந்த வெள்ளைப் பூச்சுதான்.

குழித்துறைப் பக்கம் என் தாய்மாமா இப்போது வீடு கட்டுகிறார். எழுபது வருட ஓட்டு வீடு, கழுக்கோலில் பாதி கரையான். இடித்த அன்றைக்கே பழைய சாமான் எடுக்கிறவர் வந்து மரத்துக்கு விலை சொல்லிவிட்டு, ஓட்டை சும்மா அள்ளிக்கொண்டு போகிறேன் என்றார். நான் நடுவில் புகுந்து ஓடு பதித்த வார்ப்பைப் பற்றிச் சொன்னேன். மாமா முகத்தில் நம்பிக்கையே இல்லை. "இப்பம் ஆரு மக்கா ஓடு வைக்கா? வீடு பார்க்க வாறவன் சீலிங்கப் பார்த்துச் சிரிப்பான்" என்றார். பிளான் போட்ட இன்ஜினியர் தன் எஸ்டிமேட்டில் அப்படி ஒரு ஐட்டமே கிடையாது, லோன் கொடுக்கும் பேங்கில் கேள்வி கேட்பார்கள் என்றார். காப்பாற்றியது கொத்தனார். அறுபது வயதைத் தாண்டியவர், வாலிபத்தில் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தவர். "அது ஒண்ணும் புதுசில்ல, நான் அங்க எத்தனையோ வார்த்திருக்கேன். கம்பி கட்டுகதில மட்டும் கணக்கு தப்பப்பிடாது" என்றார். மாமாவுக்கு என் புள்ளிவிவரம் எதுவும் ஏறவில்லை, அவர் சொன்னது ஏறியது. இன்ஜினியரும் கம்பிக் கணக்கைத் திருப்பிப் போட்டுக் கையெழுத்து வைத்தார். ஹாலுக்கும் ஒரு அறைக்கும் மட்டும்தான் சம்மதம், முன்பக்கம் சாதா வார்ப்பு, அங்கேதான் வருகிறவர்கள் உட்காருவார்கள்.

ஓடுகளை மதிலோரம் அடுக்கி வைத்திருக்கிறோம். அத்தை அதில் உடையாததைத் தட்டிப் பார்த்து, சத்தம் கணீரென்று வருவதைத் தனியாக எடுத்து வைக்கிறார். வார்ப்புக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம், காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அவ்வளவு ஓட்டையும் ஊறப்போட அண்டா போதாது, பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியைக் கேட்டிருக்கிறோம்.